இரைப்பைக்கு நள்ளிரவு 12 மணி தெரியாது: அறுவை அரங்கக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறுவை அரங்கக் குழுவினருக்கும், மயக்கவியல் துறைத் தலைவருக்கும், செவிலியர் கண்காணிப்பாளருக்கும். இதே விதியை இன்னும் கைவிடாத பெங்களூருவின் பிற மருத்துவமனை நிர்வாகங்களுக்கும்,

இந்த மாதம் வார்டுகளுக்கு வந்திருக்கும் சுற்றறிக்கையை எங்களால் ஏற்க முடியவில்லை. மறுநாள் அறுவை லிஸ்டில் பெயருள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் நள்ளிரவு 12 மணி முதல் வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, தண்ணீரும் அதில் அடக்கம், படுக்கையோரத் தண்ணீர் பாட்டிலை இரவுப் பணிச் செவிலியரே எடுத்து வைத்துவிட வேண்டும் என்கிறது அது. காலை 8 மணிக்கு முதல் ஆளாகப் போகிறவருக்கும் மாலை 4 மணிக்குக் கடைசி ஆளாகப் போகிறவருக்கும் ஒரே 12 மணி. மூன்று வயதுக் குழந்தைக்கும் எழுபது வயதுச் சர்க்கரை நோயாளிக்கும் அதே 12 மணி. அரங்குக்குப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தண்ணீர் தரலாம் என்று இதுவரை இருந்த விதி ஒரே வரியில் ரத்தாகிவிட்டது.

ரத்துக்குச் சொன்ன காரணம் வார்டில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்லப்பட்ட ஒருவர், காலையில் உறவினர் வாங்கி வந்த பால் காபியைக் குடித்துவிட்டார். அறுவை தள்ளிப்போனது, அரங்க நேரம் வீணானது. நடந்தது உண்மை. ஆனால் அதை நிகழ்த்தியது காபி. அதற்காகத் தண்ணீரைத் தடை செய்வதில் என்ன நியாயம் இருக்கிறது? மயக்கத்தில் வயிற்றுப் பொருள் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அறுவைக்கு முன் பட்டினி. ஆனால் இரைப்பை இந்த இரண்டையும் நடத்தும் விதமே வேறு. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். உங்களில் பலருக்கு இது படித்த பாடம்தான். படித்த பாடத்துக்கு எதிராகவே சுற்றறிக்கை வரும்போது திரும்பச் சொல்லாமல் வேறு வழியில்லை.

சாப்பிட்டவுடன் இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து உணவுக்கு இடம் கொடுக்கிறது. கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு மூன்று முறை என்ற தாளத்தில் சுருங்கி உணவை அரைக்கிறது. பைலோரஸ் என்ற வாயில், ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கும் சிறியதாக அரைபட்ட துகளை மட்டுமே வெளியே விடும். பெரிய துண்டு திரும்ப உள்ளே தள்ளப்பட்டு மறுபடி அரைபடும். இதற்கிடையில் கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, பித்தப்பையைச் சுருங்கச் செய்து, இரைப்பைக்கு "மெதுவாக அனுப்பு" என்று தடை போடுகிறது. இன்னும் கீழே குடலிலிருந்து ஜி.எல்.பி.-1, பெப்டைட் ஒய்ஒய் போன்ற ஹார்மோன்களும் சேர்ந்து அதே தடையை இறுக்குகின்றன. கலோரி கூடக் கூட, கொழுப்பு ஏற ஏற, இந்தக் கட்டம் நீளும். மட்டன் பிரியாணிக்கு ஒரு கணக்கு, இரண்டு இட்லிக்கு ஒரு கணக்கு.

வெறும் தண்ணீருக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. அரைக்க ஒன்றுமில்லை, ஹார்மோனைத் தூண்ட ஒன்றுமில்லை. ஆரோக்கியமான ஒருவர் குடித்த ஒரு டம்ளர் தண்ணீரில் பாதி, கால் மணி நேர அளவில் இரைப்பையை விட்டுப் போய்விடும். மீதியும் ஒரு மணி நேரத்துக்குள் கிட்டத்தட்டப் போய்விடும். சர்க்கரை கலந்தால் சற்றுத் தாமதமாகும். இரைப்பை நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மூன்று கலோரி வீதம்தான் குடலுக்கு அனுப்பும். 200 மில்லி தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கலோரி, அதுவும் அரை மணிக்குள் அடங்கிவிடும். மேலைநாடுகளில் அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பு கொடுக்கும் மாவுச்சத்துப் பானம் 400 மில்லி, அதில் சுமார் 50 கிராம் மாவுச்சத்து, 200 கலோரி. ஒன்றரை மணி நேரத்தில் அது காலியாகிவிடும். இரண்டு மணி நேரம் என்ற எண் இப்படிப்பட்ட அளவீடுகளிலிருந்து வந்தது.

பால் தண்ணீரைப் போலப் பாய்ந்துவிடாது. இரைப்பை அமிலத்தில் திரிந்து கட்டியாகி, திட உணவைப் போல நடந்துகொள்கிறது. கொழுப்பு வேறு தடை போடுகிறது. நம் ஊர் பில்டர் காபியில் பாதிக்கு மேல் பாலே இருப்பதால் அதற்கு ஆறு மணி நேரம் வேண்டும். மோர், ராகி அம்பலி, கஞ்சி, ஹார்லிக்ஸ், கூழுள்ள பழச்சாறு எல்லாவற்றுக்கும் அதே ஆறு. கஞ்சி நீர்த்து இருந்தால் பரவாயில்லை என்று சில வார்டுகளில் ஒரு பழக்கம் உண்டு. பரவாயில்லை அல்ல. தாய்ப்பாலுக்கு மட்டும் நான்கு மணி நேரம் போதும், பசும்பாலையும் பால்மாவையும் விட அது வேகமாக வெளியேறும்.

அடுத்த கட்டம் பெரும்பாலோர் நினைத்துப் பார்க்காதது. உணவு போன பின் இரைப்பை சும்மா கிடக்கும் என்ற எண்ணம் தவறு. பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த போல்டிரெவ், பட்டினி கிடக்கும் நாயின் இரைப்பை குறிப்பிட்ட இடைவெளியில் வேலை செய்வதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்தார். 1969இல் சுர்செவ்ஸ்கி, அந்த வேலை குடல் நெடுக மேலிருந்து கீழாக நகர்ந்து செல்லும் ஓர் அலை என்று காட்டினார். மைக்ரேட்டிங் மோட்டார் காம்ப்ளெக்ஸ் என்று அதற்குப் பெயர். சாப்பிட்டது செரித்து முடிந்ததும், உணவின் அளவைப் பொறுத்து மூன்று மணி முதல் ஐந்தாறு மணி நேரம் கழித்து, இந்தச் சுழற்சி தொடங்குகிறது. ஒரு சுற்றுக்குச் சராசரியாக 90 முதல் 120 நிமிடம்.

முதல் கட்டம் கிட்டத்தட்ட முழு அமைதி, சுற்றின் பெரும்பங்கு இதற்கே. இரண்டாம் கட்டத்தில் ஒழுங்கில்லாத சுருக்கங்கள் வரும். மூன்றாம் கட்டம் ஐந்து முதல் பத்து நிமிடம்தான், ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. இரைப்பை நிமிடத்துக்கு மூன்று முறையும், முன்சிறுகுடல் பதினொன்று பன்னிரண்டு முறையும், தங்கள் தாளத்தின் முழு வேகத்தில் பலமாகச் சுருங்கும். பைலோரஸ் அப்போது திறந்து கொடுக்கும். அரைபடாமல் தங்கிய நார், தோல், விதை, விழுங்கிய மாத்திரையின் கூடு என எல்லாம் இந்த அலையில் வழித்துக்கொண்டு போகும். வீட்டு வாசல் பெருக்குவது போன்ற வேலை இது. ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வாளர்களும் இதை வீட்டுவேலைக்காரி என்றே அழைத்தார்கள். அலை மேல்குடலில் விரைவாகவும் கீழே போகப் போக மெதுவாகவும் நகர்ந்து சிறுகுடலின் கடைசியை எட்டும் நேரத்தில், மேலே அடுத்த அலை கிளம்பியிருக்கும். இந்த அலை வராதவர்களுக்குச் சிறுகுடலில் பாக்டீரியா பெருகிவிடுகிறது என்று 1977இல் வான்டிராப்பன் குழுவினர் மனிதர்களிடம் காட்டினார்கள்.

இதை இயக்குவது யார்? இரைப்பையில் தொடங்கும் மூன்றாம் கட்டத்துக்கு முக்கியமான விசை மோட்டிலின். முன்சிறுகுடலிலும் அதை அடுத்த பகுதியிலும் உள்ள செல்கள் சுரக்கும், 22 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு ஹார்மோன் அது. 1970களின் தொடக்கத்தில் கனடாவில் ஜான் பிரவுன் குழு பிரித்தெடுத்தது. பட்டினியில் ரத்தத்தில் இதன் அளவு ஏறி இறங்கி, ஏறும்போது இரைப்பையில் அலை கிளம்புகிறது. நாய்க்கு மோட்டிலினை ஊசி வழி கொடுத்தால் அலையைச் செயற்கையாகவே கிளப்ப முடியும் என்று ஜப்பானில் சென் இட்டோ குழு காட்டியது. இரைப்பையே சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனும் உண்டு. 1999இல் கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்தது, 28 அமினோ அமிலங்கள் கொண்டது, சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க ரத்தத்தில் கூடுவது. அதை அதிக அளவில் ஊசியாகச் செலுத்தினாலும் மூன்றாம் கட்டம் வருகிறது. எல்லா அலையும் இரைப்பையில் தொடங்குவதில்லை, சில நேராக முன்சிறுகுடலில் தொடங்கும். அவற்றோடு தொடர்புடையதாகச் சொல்லப்படுவது சோமடோஸ்டாடின் என்ற ஹார்மோன். எலிக்கும் சுண்டெலிக்கும் வேலை செய்யும் மோட்டிலினே கிடையாது என்பது ஒரு வேடிக்கை; அதனால்தான் இந்த ஆராய்ச்சி இவ்வளவு காலம் நாயையும் மனிதரையும் நம்பியிருந்தது.

பட்டினி நேரத்தில் வயிறு கடமுட என்று இரைவதும், பசி அலையலையாக வந்து போவதும் பெரும்பாலும் இந்த மூன்றாம் கட்டத்தோடு ஒத்துப்போகின்றன. "வயிறு இரையுது சிஸ்டர், கொஞ்சம் தண்ணியாவது கொடுங்க" என்று விடியற்காலையில் கேட்கும் நோயாளியின் இரைப்பை, அநேகமாக அப்போதுதான் தன்னைத் துடைத்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கை அறுவை விதியோடு பொருத்திப் பாருங்கள். எளிய உணவு ஒன்று, ஆரோக்கியமான இரைப்பையில் நான்கு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சக் கூடாது என்பது இரைப்பைக் காலியாதலை ஸ்கேனில் அளப்பவர்களின் அளவுகோல். அதன்மேல் ஓர் அலைச் சுற்று, அதாவது ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கூட்டினால் ஆறு. எளிய உணவுக்கு ஆறு மணி நேரம், எண்ணெய்ப் பலகாரமும் இறைச்சியும் என்றால் எட்டு, தாய்ப்பால் நான்கு, தெளிந்த பானம் (தண்ணீர், பால் இல்லாத டீ போன்றவை) இரண்டு என்று அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999 முதல் சொல்லிவருகிறது. 2017இலும் 2023இலும் அதைப் புதுப்பித்தும் இரண்டு மணி நேரம் அப்படியே நிற்கிறது. குழந்தைகளுக்குத் தெளிந்த பானத்தை ஒரு மணி நேரம் முன்பு வரை கொடுக்க வேண்டும் என்று 2022இல் ஐரோப்பியச் சங்கம் எழுதிவிட்டது. இவை எவையும் நள்ளிரவை எல்லையாக வைக்கவில்லை.

நள்ளிரவு எங்கிருந்து வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். 1946இல் நியூயார்க்கின் மருத்துவர் மெண்டல்சன், 44,016 பிரசவங்களில் 66 பேருக்கு வயிற்றுப் பொருள் நுரையீரலுக்குள் போனதாக எழுதினார். இறந்த இருவரும் திட உணவு மூச்சுக்குழாயை அடைத்து இறந்தவர்கள். பிரசவ வலியில், முகமூடி வழி ஈதர் கொடுத்த காலத்துக் கணக்கு அது. அதிலிருந்து கிளம்பிய பயம் திடத்தையும் தண்ணீரையும் ஒரே மூட்டையில் கட்டி, ராத்திரியே எல்லாம் நிறுத்து என்று ஆக்கிவிட்டது. அதற்கும் அறுபது ஆண்டு முன்பே, 1883இல், அறுவை மருத்துவர் லிஸ்டர் தெளிவாக எழுதியிருந்தார்: குளோரோபாம் கொடுக்கும்போது வயிற்றில் திடப்பொருள் இருக்கக் கூடாது, ஆனால் இரண்டு மணி நேரம் முன்பு ஒரு கோப்பைத் தேநீர் கொடுப்பது நல்லது. 140 ஆண்டு கழித்து நாம் அவருக்குப் பின்னால் நிற்கிறோம்.

இன்னொரு நம்பிக்கையும் சுற்றறிக்கைக்குள் ஒளிந்திருக்கிறது: எவ்வளவு நேரம் பட்டினியோ அவ்வளவு காலி. இரைப்பை விடிய விடிய அமிலம் சுரந்துகொண்டேதான் இருக்கும். எச்சிலும் விழுங்கப்பட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாம் மூன்றாம் கட்டங்களில் சுரப்பு இன்னும் கூடும். பத்து மணி நேரப் பட்டினிக்குப் பிறகும் இருபது முப்பது மில்லி புளித்த நீர் இருப்பது இயல்பு. 1986இல் கனடாவின் கால்கரியில் மால்ட்பி குழு, அறுவைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு 150 மில்லி தண்ணீர் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்டது. தண்ணீர் குடித்தவர்களின் இரைப்பையில் மிஞ்சிய நீர் அதிகமாக இல்லை, குறைவாகவே இருந்தது. ஆக, பாட்டிலைப் பிடுங்குவதால் இரைப்பை காலியாகிவிடப் போவதில்லை.

வார்டில் நடப்பது இதுதான். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு முடிந்துவிடுகிறது. குழந்தைகள் ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவதால் அவர்களுக்கு 12 மணி என்ற சலுகைகூடக் கிடையாது. லிஸ்டில் மூன்றாவதாக இருப்பவர் மதியம் இரண்டு மணிக்குப் போகிறார் என்றால் சாப்பிட்டுப் பதினெட்டரை மணி நேரம், தண்ணீர் குடித்துப் பதினான்கு மணி நேரம். நடுவில் ஒரு அவசர சிசேரியன் நுழைந்தால் இது மாலை வரை நீளும். ஐந்து மணிக்கு "இன்னிக்கு இல்லை, நாளைக்கு" என்று சொல்லப்பட்டவர், ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு 12 மணிக்கு மறுபடி நிறுத்துகிறார். இரண்டு நாளில் ஒரே வேளைச் சாப்பாடு.

உலர்ந்த உடம்பில் ரத்த நாளம் அகப்படாது. சலைன் ஏற்றும் ஊசிக்குழாயான கேனுலா போடப் பலமுறை குத்த வேண்டியிருக்கிறது, அதுவும் குழந்தையின் கையில். மயக்க மருந்து ஏற்றியதும் ரத்த அழுத்தம் சரிந்து, சலைனும், அழுத்தத்தை ஏற்றும் எபெட்ரினும் தேடி ஓட வேண்டியிருக்கிறது. காபி இல்லாத தலைவலியை நோயின் தலைவலி என்று எண்ணி ஊசி போடுகிறோம். கல்லீரலில் சேமித்த சர்க்கரையான கிளைகோஜன் வளர்ந்தவருக்கு ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். சிறு குழந்தைக்கு அவ்வளவு தாங்காது. மதியத்துக்குள் மூச்சில் பழவாசனையோடு கீட்டோன் வந்துவிடும். நீண்ட பட்டினி இன்சுலினுக்கு உடம்பு செவிசாய்க்காத நிலையை உண்டாக்குகிறது. அறுவையின் அழுத்தம் அதன்மேல் ஏறிக்கொள்ள, சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் ரத்தச் சர்க்கரை கூடுகிறது.

சர்க்கரை நோயாளிகளிடம் இது ஆபத்தாகவே முடியலாம். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையை வழக்கம்போல இரவில் போட்டுவிட்டு விடியும்வரை பட்டினி கிடந்தால் சர்க்கரை சரிந்துபோகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் இன்னும் மோசம். முதலாவதுக்கு 2020இலும் இரண்டாவதுக்கு 2025இலும் காப்புரிமை முடிந்து மலிவாகிவிட்டதால் இன்று பல நோயாளிகளின் சீட்டில் இருக்கின்றன. இவற்றை அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் நீண்ட பட்டினியும் சேர்ந்தால், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். குளூக்கோமீட்டரில் சர்க்கரை 150 என்று சாதுவாகக் காட்டும், உள்ளே ரத்தம் புளித்துக்கொண்டிருக்கும். சுற்றறிக்கையில் இந்த மாத்திரைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தண்ணீர் பாட்டிலைப் பற்றி இரண்டு வரி இருக்கிறது.

இதுவரை சொன்னது அளவுக்கு மீறிய பட்டினி. எங்கள் பெரிய கவலை இதற்கு நேர்மாறானது. நள்ளிரவு விதி, உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவதில்லை. இரைப்பையை ஹார்மோனும் நரம்பும்தான் நடத்துகின்றன என்றால், அவை கெட்டுப்போனவருக்கு எட்டு மணி நேரமும் போதாது.

பல ஆண்டு சர்க்கரை நோயில், இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பு பழுதாகி, இரைப்பையில் மூன்றாம் கட்டம் வராமலே போகலாம். அப்படிப்பட்டவர் நேற்று ராத்திரி சாப்பிட்ட கீரை இன்று காலையும் இரைப்பையில் இருக்கும். நரம்பு நன்றாக இருந்தாலும், அன்றைக்கு ரத்தச் சர்க்கரை எகிறியிருந்தால் அதுவே இரைப்பையின் அலையை அடக்கிவிடும். மார்ஃபின், டிரமடால், பென்டனில் வகை வலிநிவாரணிகள் இரைப்பையைக் கட்டிப்போடும். எலும்பு முறிந்து வலியோடு வந்தவருக்கு, அடிபட்ட நேரத்திலேயே செரிமானம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டதற்கும் அடிபட்டதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பதுதான் அங்கே கேள்வி. அடிபட்ட பிறகு எத்தனை மணி நேரம் கிடந்தார் என்பது அல்ல.

இப்போது புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் போடும் செமாகுளுடைடு, டிர்செப்படைடு ஊசிகள். டிர்செப்படைடும், எடைக்கான செமாகுளுடைடு ஊசியும் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. சாப்பாட்டுக்குப் பின் குடல் தானே சுரக்கும் ஜி.எல்.பி.-1இன் வேலையை இவை வாரம் முழுதும் செய்கின்றன. அதாவது இரைப்பைக்கு நாள் பூராவும் தடை. செமாகுளுடைடு உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். குறிப்பாக ஊசி தொடங்கிய புதிதில், அளவு கூட்டும் வாரங்களில், குமட்டலும் வயிறு நிறைந்த உணர்வும் இருப்பவருக்குப் பன்னிரண்டு மணி நேரப் பட்டினிக்குப் பிறகும் இரைப்பையில் திட உணவு இருக்கக் கூடும். 2023இல் அமெரிக்கச் சங்கம் வார ஊசியை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னது. 2024இல் பல சங்கங்கள் சேர்ந்து, ஆளுக்கு ஆள் ஆபத்தைப் பார்த்து முடிவெடுங்கள், ஆபத்து அதிகம் என்றால் முந்தைய 24 மணி நேரம் திரவ உணவு மட்டும் கொடுங்கள், சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்டில் பாருங்கள் என்றன. நம் சேர்க்கைப் படிவத்தில் இந்த ஊசியைப் பற்றிய கேள்வியே இல்லை. எடைக்காக ஊசி போடுகிறவர் அதை மருந்து என்று தானாகச் சொல்வதும் அபூர்வம்.

அல்ட்ராசவுண்டுக்கு புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசிக்காக அரங்கில் ஏற்கெனவே இருக்கும் கருவியில் வளைந்த புரோபை மாட்டினால் போதும். மேல்வயிற்றில், கல்லீரலின் இடது மடலுக்குக் கீழே, நோயாளியை மல்லாந்தும் பிறகு வலப்பக்கம் ஒருக்களித்தும் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நிலையிலும் ஒட்டிக் கிடந்தால் காலி. வலப்பக்கம் படுக்கும்போது மட்டும் கொஞ்சம் நீர் தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. இரண்டிலும் நீர் தெரிந்தால் அளக்க வேண்டும்: கிலோவுக்கு 1.5 மில்லிக்கு மேல், அதாவது 60 கிலோ ஆளுக்கு 90 மில்லிக்கு மேல் என்றால் நிறைந்த வயிறு என்று கொள்ள வேண்டும். திடம் தெரிந்தால் பேச்சே இல்லை. தள்ளிப்போடலாம், அல்லது நிறைந்த வயிற்றுக்குரிய முறையில் மயக்கம் கொடுக்கலாம். எண்டோஸ்கோபி பிரிவு, ரத்த வாந்தி எடுத்தவர்களுக்கு முன்கூட்டியே எரித்ரோமைசின் 250 மில்லிகிராம் சிரைவழி கொடுப்பது எதனால் என்று யோசியுங்கள். அந்த ஆன்டிபயாடிக் மோட்டிலினின் ஏற்பியைத் தூண்டி இரைப்பையைக் காலி செய்கிறது. இதயத் துடிப்புத் தாளத்தைக் கெடுக்கக் கூடியது, ஈ.சி.ஜி. பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்பது வேறு விஷயம். இந்த ஹார்மோனின் வேலையை மூன்றாவது மாடியில் மருந்தைக் கொண்டு செய்விக்கிறோம். இரண்டாவது மாடி வார்டில் அது இருப்பதையே மறந்துவிட்டுச் சுற்றறிக்கை எழுதுகிறோம்.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் தெரிந்தவைதான். லிஸ்ட் மாறிக்கொண்டே இருக்கும், முன்னால் இருப்பவர் வராவிட்டால் அடுத்தவரை உடனே எடுக்க வேண்டும், அதனால் எல்லோரும் தயாராக இருக்கட்டும் என்பீர்கள். லிஸ்ட் முன்னுக்கு வருவதை விடப் பின்னுக்குப் போவதுதான் அடிக்கடி நடக்கிறது என்பதை அரங்கப் பதிவேடே காட்டும். முன்னுக்கு வந்தாலும், அரங்கைச் சுத்தம் செய்து அடுத்தவரைக் கொண்டுவரும் நேரத்துக்குள் ஒரு டம்ளர் தண்ணீரில் பெரும்பகுதி கீழே போயிருக்கும். பிரிட்டனில் பல மருத்துவமனைகள், அரங்குக்கு அழைக்கும் வரையிலும் சிறு சிறு வாயாகத் தண்ணீர் குடிக்கவிடும் வழக்கத்துக்கே போய்விட்டன. நாங்கள் அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

நோயாளிகளுக்குப் புரியாது என்பதுதான் எங்களை மிகவும் உறுத்தும் பதில். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் இங்கே வருகிறவர்களில் பலருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும். கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் ஆங்கிலமும் கன்னடமும் மட்டும் இருக்கின்றன. அதிலும், வாய்வழி எதுவும் கூடாது என்பதன் சுருக்கமான "என்.பி.ஓ." என்ற மூன்றெழுத்துதான். எதைக் குடிக்கலாம், எதைக் கூடாது, எத்தனை மணி வரை என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் படத்தோடு போட்டிருந்தால் அந்தப் பால் காபி வந்திருக்காது. புரியாதபடி சொல்லிவிட்டுப் புரியவில்லை என்று தண்ணீரை நிறுத்துவது நியாயமல்ல.

ஆகவே நாங்கள் கேட்பவை:

சுற்றறிக்கையை இந்த வாரமே திரும்பப் பெறுங்கள். எளிய உணவுக்கு ஆறு, எண்ணெயும் இறைச்சியும் என்றால் எட்டு, தாய்ப்பாலுக்கு நான்கு, தெளிந்த பானத்துக்கு இரண்டு மணி நேரம் என்ற விதியை எழுத்தில் கொடுங்கள். குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை கிலோவுக்கு 3 மில்லி தெளிந்த பானம், அதாவது பத்துக் கிலோக் குழந்தைக்கு 30 மில்லி, என்பதை மயக்கவியல் துறை கையெழுத்திட்டு அனுமதிக்கட்டும். தெளிந்த பானம் எது என்பதைச் சுற்றறிக்கையிலேயே பட்டியலிடுங்கள்: தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், வடிகட்டிய எலுமிச்சை நீர், பால் இல்லாத டீ, பால் இல்லாத காபி, வழுக்கை விழாமல் வடிகட்டிய இளநீர். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீர் வேண்டாம், பொட்டாசியம் ஏறும். சர்க்கரை நோயாளிக்கு வெறும் தண்ணீர்.

வார்டுப் பலகையில் நோயாளியின் பெயருக்கு நேராக இரண்டு கட்டங்கள் வேண்டும், கடைசி உணவு நேரம் ஒன்று, கடைசித் தண்ணீர் நேரம் ஒன்று. காலை லிஸ்டுக்காரருக்கு விடியற்காலை 5.30 மணிக்கு எழுப்பி 200 மில்லி தண்ணீர் கொடுப்பதை இரவுப் பணியின் கடமையாக்குங்கள், எழுப்ப நாங்கள் தயார். மதிய லிஸ்டுக்காரருக்குக் காலை ஆறு மணிக்கு முன் இரண்டு இட்லியோ ரொட்டியோ கிடைக்கும்படி சமையற்கூடத்துக்கு உத்தரவு போடுங்கள். காலையில் போட வேண்டிய ரத்த அழுத்த மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் 30 மில்லி தண்ணீரோடு கொடுக்கப்படும் என்பதையும் அதில் எழுதுங்கள்.

அரங்க ஒருங்கிணைப்பாளர் காலை 10 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் ஒவ்வொரு வார்டுக்கும் போன் செய்து புதிய நேரத்தைச் சொல்லட்டும். அறுவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் டாக்டரைத் தேடாமல் செவிலியரே தண்ணீர் கொடுக்கும் அதிகாரம் வேண்டும். ரத்தானால் அதே நிமிடம் சாப்பாடு.

சேர்க்கைப் படிவத்தில் ஐந்து கேள்விகளைச் சேருங்கள்: எடைக்கோ சர்க்கரைக்கோ வார ஊசி போடுகிறீர்களா, கடைசியாக என்றைக்கு; டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உண்டா, நிறுத்தி எத்தனை நாள்; சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்தும் வயிறு நிறைந்தே இருக்கிறதா, பழைய சாப்பாடு வாந்தியாக வருகிறதா; மார்ஃபின் வகை வலி மருந்து போகிறதா; விபத்து என்றால் சாப்பிட்டது எப்போது, அடிபட்டது எப்போது. ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் தண்ணீர் விதியை நிறுத்திவைத்து மயக்க மருந்து டாக்டரிடம் முந்தைய நாளே சொல்வோம். அவர்களுக்கு அரங்கில் அல்ட்ராசவுண்டு பார்க்கப்படும் என்ற உறுதி எங்களுக்கு வேண்டும்.

தலைமாட்டு அட்டைகளைத் தமிழ் உட்பட ஐந்து மொழிகளில் அச்சிடுங்கள். மொழிபெயர்ப்பையும் படங்களையும் நாங்கள் செலவில்லாமல் செய்து தருகிறோம்.

அடுத்த மூன்று மாதம் ஒவ்வொரு நோயாளியின் உண்மையான பட்டினி நேரத்தையும், திடத்துக்குத் தனியாக, தண்ணீருக்குத் தனியாக, அரங்க வாசலில் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கை அறுவை அரங்கக் குழுவின் கூட்டத்தில் எங்கள் பிரதிநிதி ஒருவர் முன்னிலையில் வையுங்கள். சுற்றறிக்கை திரும்பப் பெறப்படுமா இல்லையா என்ற பதிலை 15 நாட்களுக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
பெங்களூரு மருத்துவமனை வார்டுகளிலும் அரங்குகளிலும் பணிபுரியும் தமிழ்ச் செவிலியர், உணவியலாளர், மயக்கவியல் தொழில்நுட்பப் பணியாளர்